கருவி விளக்கங்களும் அவற்றின் மதிப்பீடும்: இலங்கைத்துறைக் கடல்வழி நூல்கள் முதல் செயற்கை நுண்ணறிவு முகவர் வரை

1. தோற்றுவாய்

கருவிகளின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்குக் கருவி விளக்கங்களின் வரலாறு எழுதப்படவில்லை. ஏரும் ஓடமும் நீராவிப் பொறியும் கணினியும் உற்பத்தி முறைகளை எவ்வாறு மாற்றின என்பது பற்றி நூல்கள் பலவுண்டு. ஆனால், ஒரு கருவியை உருவாக்காதவரும் முன்னர்க் கண்டிராதவருமான ஒருவர் எழுத்தின் துணைகொண்டு மட்டும் அதனைக் கையாள நேரும்போது எழும் சிக்கல்கள் ஆய்வாளரின் கவனத்தை அரிதாகவே ஈர்த்துள்ளன. அவ்வெழுத்தை எழுதியவர் யார், அது சரியென எவ்வாறு கண்டறியப்பட்டது, அதிலுள்ள பிழைக்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினாக்கள் தொழில்நுட்பம் சார்ந்தவை மட்டுமல்ல. சமூக வரலாறு சார்ந்தவையுமாகும்.

இவ்வினாக்கள் இன்று புதிய வடிவில் நம்முன் நிற்கின்றன. மொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படுவது, தனக்கு இடப்பட்ட ஒரு பணியை நிறைவேற்றும் பொருட்டுப் பல மென்பொருட் கருவிகளுள் ஏற்றதொன்றைத் தெரிந்து, அதனை இயக்கி, கிடைக்கும் விடையைப் படித்து, அடுத்த படியைத் தானே தீர்மானிக்கும் அமைப்பாகும். இம்முகவர் கருவியின் உள்ளமைப்பைப் பெரும்பாலும் காண்பதில்லை. கருவியோடு இணைத்து எழுதப்பட்ட சில வரி விளக்கமே அதற்குக் கண்ணாகவும் காதாகவும் அமைகின்றது.

எழுத்தை மட்டும் நம்பி அறியாத இடத்துள் நுழைதல் என்னும் இந்நிலைக்கு நமது நாட்டு வரலாற்றிலே மிக நெருங்கிய முன்னுதாரணம் கடல்வழி நூல்களாகும். எனவே, இக்கட்டுரை இலங்கைத்துறைக் கரையோரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விளக்கம், மதிப்பீடு ஆகிய இரண்டும் வளர்ந்த முறையை நோக்குகின்றது. இலங்கைத்துறை என இங்கு கருதப்படுவது திருகோணமலைத் துறைமுகம், கொட்டியாரக் குடா, அதற்குத் தென்கிழக்கே ஈச்சிலம்பற்றுப் பகுதியில் அமைந்த இலங்கைத்துறை முகத்துவாரம் ஆகியவற்றை உள்ளடக்கிய நிலப்பரப்பாகும்.

2. ஆழமும் எழுத்தும்

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படுவதற்கு அதன் ஆழம் முதற் காரணமாகும். ஆயின் அவ்வாழமே அயலவருக்குச் சிக்கலாகவும் அமைந்தது. ஆழ்கடற் பள்ளத்தாக்கொன்று குடாவினுள் ஊடுருவி நிற்கின்றது. பாய்க்கப்பற் காலத்து மாலுமி ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கி ஆழம் பார்த்தே கரையின் அணிமையை உணர்ந்தான். படிப்படியாக ஆழங் குறையும் கடலில் இக்கருவி முன்கூட்டியே எச்சரிக்கை தரும். பள்ளத்தாக்கின் மேலோ குண்டு தரையைத் தொடாமலே கப்பல் கரையை நெருங்கிவிடலாம். கருவியில் பழுதில்லை, கருவி எவ்விடத்திற் பயன்படாது என்னும் அறிவே வேண்டப்பட்டது. அவ்வறிவு கரையோர மக்களிடம் இருந்தது. கடல்கடந்து வந்தவர்க்கு அது எழுத்தாக வேண்டியிருந்தது.

எழுத்தில் இடம்பெறாதவற்றின் விளைவை றொபேட் நொக்ஸின் வரலாறு காட்டுகின்றது. 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்க்கும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. வந்தவர் கடலை வென்றனர். ஆனால் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கு உரிய முறையில் அறிவித்துக் காணிக்கை செலுத்தும் மரபைக் கடைப்பிடிக்கவில்லை. கப்பலின் தலைவரும் அவர் மகன் நொக்ஸும் மாலுமிகள் சிலரும் 1660இற் சிறைப்பட்டனர். நொக்ஸ் தப்பிச் செல்வதற்கு ஏறத்தாழ 19 ஆண்டுகள் சென்றன. இன்றைய கலைச்சொல்லாற் கூறுவதாயின், ஒரு செயலைச் செய்வதற்குமுன் நிறைவேற்றப்பட வேண்டிய முன்நிபந்தனை அவர்களிடமிருந்த வழிகாட்டலில் இல்லை.

கடல்வழி நூல்கள் முறையான ஆய்வுத்துறையாக மாறியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். 1782ஆம் ஆண்டில் மட்டும் திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கும், அவர்களிடமிருந்து பிரான்சியருக்கும் கைமாறியது. 1795 ஆகஸ்டிற் பிரித்தானியர் அதனை மீண்டும் கைப்பற்றினர். அதே ஆண்டிலேயே பிரித்தானியக் கடற்படை தனது நீரியல் அலுவலகத்தை நிறுவி அலெக்சாந்தர் டல்ரிம்பிளை அதன் தலைவராக்கியது. துறைமுகங்களைக் கைப்பற்றலும் அவற்றை வரைபடமாக்கலும் ஒரே அரசியலின் இரு கைகளாய் இயங்கின என்பது நோக்கத்தக்கது.

இத்துறையின் முதன்மையாளருள் ஒருவரான ஜேம்ஸ் ஹோஸ்பேரின் வாழ்க்கை நமது பொருளுக்கு மிக இன்றியமையாதது. 1786இல் அவர் துணை அதிகாரியாகப் பணிபுரிந்த அட்லஸ் என்னும் கப்பல், பிழையான வரைபடத்தை நம்பிச் சென்றமையால் இந்துசமுத்திரத்தின் தியாகோ கார்சியாத் தீவில் மோதி உடைந்தது. அதன்பின் அவர் தம் வாழ்நாளைக் கடல்வழிகளைத் திருத்தமாகப் பதிவதற்கே செலவிட்டார். கிழக்கிந்தியக் கடல்கள் பற்றிய அவரது வழிகாட்டி நூல் 1809இலும் 1811இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. ஹோஸ்பேர் தமது 21 ஆண்டுக் கடலனுபவத்தோடு நின்றுவிடாது, கம்பனியின் அலுவலகத்திற் குவிந்திருந்த கப்பற் குறிப்பேடுகளையும் ஒப்புநோக்கினார். ஒவ்வொரு பயணமும் முந்திய விளக்கத்தின் பரீட்சையாகவும், ஒவ்வொரு குறிப்பேடும் அப்பரீட்சையின் பெறுபேறாகவும் கொள்ளப்பட்டன. நூலை நூலோடு ஒப்பிடும் முறையினின்று நூலைச் செயலோடு ஒப்பிடும் முறைக்கு இங்கு மாற்றம் நிகழ்ந்தது. 1834 முதல் பிரித்தானியக் கடற்படை மாலுமிகளுக்கான அறிவித்தல்களை வெளியிடத் தொடங்கியதோடு, திருத்தம் உரியவரைச் சென்றடைவதும் விளக்கத்தின் ஒரு பகுதியென ஏற்கப்பட்டது.

இவற்றுள் உய்த்துணரத்தக்க பாடமொன்று உண்டு. பழைய கடல் வரைபடமொன்றில் வெறுமையாக விடப்பட்ட இடம் இரு பொருள் தரும். அவ்விடம் அளக்கப்பட்டு ஆபத்தில்லையெனக் காணப்பட்டிருக்கலாம். அல்லது எவரும் அதனை அளக்காமலே விட்டிருக்கலாம். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கடலில் இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாகும். 'இல்லை' என்பதையும் 'தெரியாது' என்பதையும் பிரித்துக் காட்டாத விளக்கம், பிற யாவும் சரியாயிருப்பினும், நம்பத்தகாதது என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்தாகும்.

3. தமிழ் மரபின் அளவுகோல்கள்

செயலுக்கான எழுத்து தமிழில் இல்லாததன்று. கப்பல் கட்டும் மரங்களின் இயல்பையும் உறுப்புகளின் அளவையும் கூறும் கப்பல் சாத்திரம் 1950இற் சென்னையில் அச்சேறியது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் திருகோணமலைக் கோயிற் பணிகளையும் அவற்றுக்கு உரியோரையும் வகுத்துரைப்பது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். பணிமுறைகளின் நினைவு எழுத்தில் எஞ்சியது.

விளக்கத்தை மதிப்பிடும் கோட்பாட்டிலும் நமது மரபு வறியதன்று. நூலுக்குரிய குற்றங்கள் பத்தென வகுக்கின்றது பவணந்தியாரின் நன்னூல். அவற்றுள் நான்கு இங்கு சிறப்பாகப் பொருந்துவன. வேண்டியதைக் குறையச் சொல்வது குன்றக் கூறல். வேண்டாததை மிகுத்துச் சொல்வது மிகைபடக் கூறல். முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வது மாறுகொளக் கூறல். பொருள் இதுவோ அதுவோ எனத் தடுமாறச் செய்வது மயங்க வைத்தல். இலக்கண நூலுக்கென வகுக்கப்பட்ட இக்குற்றங்கள் மென்பொருட் கருவி விளக்கங்களுக்கும் முற்றும் பொருந்துதலைப் பின்னர்க் காண்போம். எனினும், ஆசிரியனிடம் மாணாக்கன் ஐயம் வினவலாம். உரைகாரர் இடையே புகுந்து தெளிவுறுத்தலாம். கடலில் தனித்த மாலுமிக்கும் கணினியில் இயங்கும் முகவருக்கும் அவ்வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. உரையாசிரியர் இல்லாத சூத்திரம் போன்றது கருவி விளக்கம்.

4. மென்பொருள் விளக்கத்தின் முதற்காலம்

கணினித்துறையில் இவ்வுணர்வு தெளிவாக வெளிப்பட்ட ஆவணங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1971 நவம்பர் 3ஆந் தேதியிட்டு வெளியிட்ட யுனிக்ஸ் கைந்நூலாகும். ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என ஒரே ஒழுங்கு அதிற் பின்பற்றப்பட்டது. அவற்றோடு 'குறைகள்' என்னும் தனித்தலைப்பும் இடம்பெற்றது. தாம் ஆக்கிய கருவி எங்கு பிழைக்கும் என்பதை ஆக்கியோரே அதன் விளக்கத்தில் எழுதிவைக்கும் இம்மரபு வியாபார விளம்பரத்தின் மொழிக்கு நேரெதிரானது. கடல்வழி நூலின் 'இவ்விடம் அளக்கப்படவில்லை' என்னும் குறிப்பு மென்பொருள் உலகிற் பெற்ற மறுபிறவி எனலாம்.

இலங்கைக்கரையில் மென்பொருட் கருவியொன்று பெருஞ்சோதனைக்கு உள்ளான காலம் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையை அடுத்து வந்தது. நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருகோணமலை மாவட்டமும் பேரழிவுக்கு உள்ளானது. லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்த தொண்டர்கள் சில வாரங்களுள் சகனா என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். காணாமற் போனோர் பதிவேடு, நிவாரண நிறுவனங்களின் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவிக் கோரிக்கை நிர்வாகம் என்பன அதன் பகுதிகளாயின. 2005இற் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பின்னர்ப் பிற நாடுகளிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

இத்தகைய பதிவேட்டிற் காணாமற்போன ஒருவரின் பெயரைத் தேடி 'பதிவு எதுவும் இல்லை' என்னும் விடையைப் பெறும் உறவினரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பெயர் எந்த முகாமிலும் எழுதப்படவில்லையா, வேறு எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டதா, அந்த முகாமின் தாள்கள் இன்னும் கணினியிற் சேர்க்கப்படவில்லையா என்பதை வெறுமையான திரை கூறாது. ஆயினும் அங்கு ஒரு மனிதர் இருந்தார். பதிவாளர் தயங்கலாம், எழுத்துக்கூட்டலை மாற்றிப் பார்க்கலாம், அடுத்த முகாமிற் கேட்குமாறு கூறலாம். விளக்கத்தின் குறையை மனித உழைப்பு ஈடுசெய்தது. அந்த இடத்தில் முகவர் அமரும்போது நிகழ்வதென்ன என்பதே இன்றைய வினா.

5. முகவரும் அவர்தம் கருவிகளும்

மொழி மாதிரிகள் கருவிகளைக் கையாளும் ஆய்வு 2023இல் விரைவு பெற்றது. அவ்வாண்டு பெப்ரவரியில் மெட்டா நிறுவன ஆய்வாளர் வெளியிட்ட டூல்போமர் என்னும் ஆய்வு, கணிப்பான், நாட்காட்டி, தேடற்பொறி முதலியவற்றை எப்போது அழைப்பது என்பதை மொழி மாதிரி தானே கற்கக்கூடும் எனக் காட்டியது. மே மாதத்திற் பேர்க்கிலி ஆய்வாளர் வெளியிட்ட கொரில்லா என்னும் ஆய்வு, மொழி மாதிரிகள் இல்லாத கருவிகளையும் இல்லாத உள்ளீடுகளையும் கற்பித்து எழுதும் இயல்பைச் சுட்டியது. உரிய விளக்க ஆவணத்தை அப்போதே தேடியெடுத்து வழங்குதல் இக்குறையைக் குறைக்க உதவும் எனவும் கண்டது. ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகள் ஆகியவற்றைக் குறித்த ஒழுங்கில் மாதிரிக்கு வழங்கும் முறையை அறிமுகஞ் செய்தது. 2024 நவம்பரில் அந்திரோப்பிக் நிறுவனம் கருவிகளையும் முகவர்களையும் இணைப்பதற்கான பொது நெறிமுறையொன்றை வெளியிட்டது. இவற்றின் விளைவாக, கருவி விளக்கம் எழுதுதல் நிரலாளரின் பின்னொட்டுப் பணியாக இராது, கருவியின் உறுப்பாகவே மாறிவிட்டது.

இதனைத் தெளிவுறுத்தக் கற்பனை எடுத்துக்காட்டொன்றைக் கொள்வோம். கடல் எச்சரிக்கைகளைத் தேடித் தரும் கருவியொன்றின் விளக்கம், 'இடப்பெயரைக் கொடுத்தால் நடைமுறையிலுள்ள எச்சரிக்கைகளைத் தரும்' என்னும் ஒரு வரியாக உள்ளது. கடற்றொழிலாளி ஒருவர் இலங்கைத்துறை முகத்துவாரம் பற்றி முகவரிடம் வினவுகின்றார். அவ்விடத்துக்கு லங்காபட்டுன என்னும் பெயரும் இன்று வழங்குகின்றது. தரவுத்தளம் அப்பெயரை மட்டும், அதுவும் உரோம எழுத்தில் மட்டும் அறியுமாயின் கருவி வெற்றுப் பட்டியலைத் திருப்பும். முகவர் அதனைப் படித்து, 'எச்சரிக்கை எதுவும் இல்லை' எனத் திருத்தமான தமிழில் விடையிறுக்கும். கருவி பிழைக்கவில்லை, முகவரும் தான் படித்ததையே கூறியது. ஆயினும் வள்ளம் கடலுக்குச் செல்கின்றது.

இங்குள்ள குற்றம் குன்றக் கூறல். எந்த மொழியில், எந்த எழுத்தில், எந்தப் பெயர்களைக் கருவி ஏற்கும், எப்பரப்பை உள்ளடக்கும், தரவு எப்போது புதுப்பிக்கப்பட்டது, வெற்று விடையின் பொருள் யாது, எத்தேவைக்கு இதனைப் பயன்படுத்தலாகாது என்பன யாவும் விளக்கத்திற் கூறப்பட்டிருத்தல் வேண்டும். அதே வேளை, ஒத்த பணியுடைய பத்துக் கருவிகளுக்கு நீண்ட, ஒன்றையொன்று தழுவிய விளக்கங்களை எழுதினால் மிகைபடக் கூறலும் மயங்க வைத்தலும் நேர்ந்து முகவர் தவறான கருவியைத் தெரியக்கூடும். கருவி மாறியபின்னும் விளக்கம் மாறாதிருப்பின் மாறுகொளக் கூறல் நேரும்.

மதிப்பீடும் இவற்றுக்கு இயைய அமைதல் வேண்டும். முகவர் ஏற்ற கருவியைத் தெரிந்ததா, ஏற்றது இல்லாதபோது வாளாவிருந்ததா. உள்ளீட்டைச் சரியாக வழங்கியதா. வெற்று விடையையும் பழுதுச் செய்தியையும் உரியவாறு பொருள்கொண்டதா. பலமுறை செய்யினும் அவ்வாறே செய்ததா என்பன தனித்தனியே நோக்கப்படல் வேண்டும். முகவரை மாற்றாது விளக்கத்தை மட்டும் மாற்றியும், விளக்கத்தை மாற்றாது முகவரை மட்டும் மாற்றியும் பரீட்சித்தாலன்றிக் குறை யாரிடத்தது எனத் துணிய இயலாது.

இறுதியாகக் கூறிய அளவை சிறப்புக் கவனத்துக்குரியது. 2024 ஜூனில் வெளிவந்த தவ்-பெஞ்ச் என்னும் மதிப்பீடு, சில்லறை வணிகம், விமானச் சேவை ஆகிய துறைகளில் முகவர்களைப் பரீட்சித்தது. அக்காலத்துச் சிறந்த முகவர்களும் பாதிக்குக் குறைவான பணிகளிலேயே வெற்றிகண்டன. சில்லறை வணிகத் துறையில், ஒரே பணியை எட்டுமுறை செய்வித்து எட்டிலும் வெல்லுதல் 25 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. அதன்பின் முகவர்களின் திறன் வளர்ந்துள்ளதெனினும் கோட்பாடு மாறவில்லை. துறைமுகத்துள் ஒருமுறை பாதுகாப்பாய் நுழைந்த கப்பல், வழிகாட்டி நூல் நல்லதென்பதற்குச் சான்றாகாது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. முகவர் விளக்கத்தைத் தகவலாக மட்டுமன்றிக் கட்டளையாகவும் கொள்ளக்கூடும். கருவி விளக்கத்தினுள்ளே தீய கட்டளைகளை மறைத்துவைத்து முகவரை வழிதவறச் செய்யலாம் என்பதை 2025 ஏப்ரலிற் பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினர். கரையிற் பொய்விளக்கு ஏற்றிக் கப்பலைப் பாறைக்கு இழுக்கும் சூழ்ச்சிக்கு இஃது ஒப்பானது. எனவே விளக்கத்தை மதிப்பிடுதல் அதன் தெளிவை மட்டுமன்றி அதனை எழுதியவரின் நம்பகத்தன்மையையும் மதிப்பிடுதலாகும்.

6. மொழியும் உரிமையும்

கடல்வழி நூல்களிற் கரையோர மக்களின் அறிவு சேர்ந்திருந்தபோதும் அவர்தம் மொழி பெரும்பாலும் இடம்பெறவில்லை. அந்நூல்கள் வெளியிலிருந்து வருவோர்க்காக, வெளியிலிருந்து வந்தோரால் எழுதப்பட்டன. கருவி விளக்கங்களின் இன்றைய நிலையும் பெரிதும் வேறன்று; அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆங்கில எடுத்துக்காட்டுகளோடு எழுதப்பட்டு, ஆங்கில வினாக்களாற் பரீட்சிக்கப்படுகின்றன. தமிழில் இயக்குதற்கு ஆகும் செலவும் கூடியது. ஒரே பொருளுடைய பகுதியைப் பல மொழிகளில் வழங்கும்போது, மாதிரிகள் அதனைத் துண்டுகளாகப் பிரிக்கும் எண்ணிக்கை மொழிக்கு மொழி 15 மடங்கு வரை வேறுபடலாம் என ஒக்ஸ்போட் ஆய்வாளர் 2023இற் காட்டினர். பெரும்பாலும் துண்டுகளின் எண்ணிக்கைக்கேற்பவே கட்டணமும் அறவிடப்படுகின்றது.

மொழிபெயர்ப்பு மட்டும் இதற்குப் பரிகாரமாகாது. கச்சான் என்னும் சொல் கிழக்கிலங்கையில் வறண்ட காற்றையும் குறிக்கும், நிலக்கடலையையும் குறிக்கும். காற்றின் நிலை பற்றி வினவுபவர்க்குச் சந்தை விலையைத் தரும் கருவியை ஆங்கிலப் பரீட்சை எதுவும் அடையாளங் காணாது. சோழகம், வாடை, கொண்டல் முதலிய காற்றுப் பெயர்களும், ஓர் ஊருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வழங்கும் வெவ்வேறு பெயர்களும், ஆட்பெயர்களின் பல்வேறு எழுத்துக்கூட்டல்களும் பரீட்சை வினாக்களாகத் தொகுக்கப்படல் வேண்டும். ஊர்ப்பெயர் மாற்றம் அரசியலாய் நிற்கும் ஒரு நிலத்தில், எப்பெயரைக் கருவி அறியும் என்பதும் அரசியலே.

இப்பணிக்கு வேண்டிய அறிவு பெருநிறுவனங்களிடம் இல்லை. அது கடற்றொழிலாளரிடமும் கிராம அலுவலரிடமும் ஆசிரியரிடமும் உள்ளது. அதனைத் தொகுத்து, வினாவும் உரிய விடையுமாக வகுத்து, எவரும் பயன்படுத்துமாறு வெளியிடுதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அத்தொகுப்பில், 'தெரியாது' என்பதே சரியான விடையாக அமையும் வினாக்கள் கணிசமான அளவு இடம்பெறல் வேண்டும். அவ்வினாக்களுக்குத் துணிந்து 'இல்லை' என விடையிறுக்கும் முகவர், ஏனையவற்றில் எத்துணைச் சிறப்பெய்தினும், மக்களின் பதிவேடுகளையும் எச்சரிக்கைகளையும் கையாளும் தகுதியுடையதாகக் கொள்ளப்படலாகாது.